கடைசி ஊசி எது என்று கேளுங்கள்

கேள்வி: வயது 29. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். 7.2. அடுத்த மாதம் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) ஊசிகள் தொடங்குகின்றன. சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இளம் வயது, பி.சி.ஓ.டி., 3.4-ஐத் தாண்டிய ஏ.எம்.ஹெச். என மூன்றும் சேர்ந்திருப்பதால், முதல் ஊசிக்கு முன்பே இதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பலரும் முட்டைகளை வளர்க்கும் தினசரி ஊசியையே குறை சொல்வார்கள். சிக்கலைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் முட்டைகளை முதிரவைக்கக் கடைசியாகப் போடும் 'ட்ரிக்கர்' ஊசி. அதில் வழக்கமாகப் போடும் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோன் பல நாட்கள் உடலில் தங்கி, சினைப்பையை வி.இ.ஜி.எஃப். என்ற பொருளைச் சுரக்கவைக்கும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதனால் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றில் தேங்கும். ரத்தம் கெட்டியாகி உறையவும் கூடும்.

எனவே, முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஊசியை இடையில் சேர்க்கும் 'ஆன்டகோனிஸ்ட்' முறையும் குறைந்த தொடக்க அளவும் உங்களுக்கு ஏற்றவை. அந்த முறையில் ஹெச்.சி.ஜி.க்குப் பதில் டிரிப்டோரெலின் 0.2 மி.கி. போன்ற ட்ரிக்கர் போடலாம். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை முன்கூட்டியே அடக்கிவைக்கும் 'நீண்ட' முறையில் இது பலிக்காது. டிரிப்டோரெலினால் உடலே சுரக்கும் எல்.ஹெச். என்ற, முட்டையை முதிரவைக்கும் ஹார்மோன் ஒன்றரை நாளுக்குள் வடிந்துவிடும். கூடவே 'கொஞ்சம்' ஹெச்.சி.ஜி.யும் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்தால் ஆபத்தும் ஓரளவு திரும்பி வரும்.

இந்த ட்ரிக்கருக்குப் பின் கருப்பை உட்சுவருக்கு ஹார்மோன் ஆதரவு குறையும். அதனால் கருக்களை எல்லாம் உறையவைத்து, பிந்தைய சுழற்சியில் வைப்பதே நல்லது. கர்ப்பம் தரித்தால் அதுவே ஹெச்.சி.ஜி. சுரந்து, முட்டை எடுத்துப் பத்து நாள் கழித்து வீக்கத்தைக் கிளப்பும். உறையவைத்தால் அந்த வழியும் அடைபடும். காத்திருப்பு எரிச்சல்தான், ஆனாலும் லாபம். ட்ரிக்கர் நாளிலிருந்து 8 நாள் கேபர்கோலின் 0.5 மி.கி. மாத்திரையும் மருத்துவர் தரலாம்.

முட்டை எடுத்தபின் தினமும் காலையில் எடை பாருங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம்; ஐபுபுரோஃபன் வேண்டாம். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளும் என்பதால் கடும் உடற்பயிற்சியும் உடலுறவும் கூடாது.

ஒரே நாளில் 1 கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கடும் வயிற்றுவலி வந்தாலோ அன்றே, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.