பால் போதவில்லையா? தாய்ப்பால் கேள்வி-பதில்

குழந்தைக்கு மூன்று வாரம். மாலையானால் விடாமல் அழுகிறான். பால் போதவில்லை, பவுடர் பால் சேர் என்கிறார் மாமியார். சேர்க்கலாமா?

அழுகையை வைத்து முடிவெடுக்காதீர்கள்; சிறுநீரையும் எடையையும் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழிக்கிறானா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் எடை ஏறிவருகிறதா? அப்படியானால் பால் போதுகிறது. மாலையில் அடிக்கடி பால் கேட்பது இந்த வயதின் வழக்கம்.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். தேங்கினால் சுரப்பு குறையும். ஒரு வேளை புட்டி கொடுத்தால் அந்த வேளைப் பால் மார்பிலேயே தங்கிவிடும். நாளடைவில் உண்மையாகவே குறையும். இல்லாத பற்றாக்குறையைப் பல வீடுகளில் இப்படித்தான் வரவழைக்கிறார்கள். இரவும் சேர்த்து 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுங்கள். எடை ஏறாவிட்டாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் காலத்தில் தண்ணீர்?

ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கூடுதலாக ஒருமுறை பால் கொடுங்கள்.

காம்பு வெடித்து ரத்தம் வருகிறது.

பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே காரணம். குழந்தையின் வயிறு உங்கள் உடலோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் வரட்டும். மூக்குக்கு நேரே காம்பை வைத்து மேலுதட்டில் உரசுங்கள். வாய் அகலத் திறந்ததும் குழந்தையை மார்போடு அணையுங்கள். நீங்கள் குனிந்து மார்பைத் திணித்தால் பிடி ஆழமாக விழாது. தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, கருவட்டம் வாய்க்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. வலி நீடித்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி தொடங்குங்கள்.

மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். நிறுத்திவிடவா?

நிறுத்தினால் நிலைமை மோசமாகும். வழக்கம்போல் கொடுங்கள், குளிர் ஒத்தடம் வையுங்கள். கட்டியை அழுத்திப் பிசையாதீர்கள், வீக்கம் கூடும். 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். உடல்நிலை மோசமானால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பாலூட்டுவது தாயின் சொந்த விஷயம். அரசும் நிறுவனமும் இதில் என்ன செய்ய முடியும்?

தாய்க்கு மனமிருந்தும் சூழல் இடம் கொடுக்காமல் நின்றுபோவதுதான் அதிகம். அதனால்தான் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதித்தொகுப்பை உலக சுகாதார சபை 1981-இல் ஏற்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பும், ஊதியத்தோடு பாலூட்டும் இடைவேளையும் கேட்கிறது. மருத்துவமனையின் பங்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்குகிறது: குழந்தையைத் தாயின் மார்பில் போட வேண்டும், சீம்பால் கிடைக்கச் செய்ய வேண்டும், காரணமில்லாமல் புட்டி நீட்டக் கூடாது.

அலுவலகத்தில் பால் பீய்ச்சக் கழிவறையைக் காட்டுவது ஏற்பாடே அல்ல. தாழ்ப்பாள் உள்ள அறை, நாற்காலி, பிளக் பாயின்ட், கை கழுவத் தண்ணீர், ஃப்ரிட்ஜ், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். இவ்வளவுதான் தேவை. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரமும், ஃப்ரிட்ஜின் உட்பகுதியில் நான்கு நாளும் இருக்கும்; கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், சூடு சீராகப் பரவாமல் வாய் வெந்துவிடும்.