புதிய தொட்டியில் மூச்சுத் திணறும் தங்கமீன்கள்
மீன் நோய்க்குப் பயன்படும் நீல மருந்தான மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தொட்டி நீரில் பாதியை இன்றே மாற்றுங்கள். மூன்று வாரங்களுக்கு முன் அமைத்த 40 லிட்டர் தொட்டியில் இரண்டு மீன்களும் ஒரே நாளில் மேல்மட்டத்துக்கு வந்து காற்றுக்குத் தவிப்பதாகவும், துடுப்புகளில் சிவப்புக் கோடுகள் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒருசேரத் துன்புறும்போது, கிருமிக்கு முன்னால் நீரையே ஐயுற வேண்டும்.

தங்கமீன் ஏராளமாகக் கழிவை வெளியேற்றும் மீன். அக்கழிவிலுள்ள நச்சான அம்மோனியாவை, அதுவும் நச்சான நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படுவதால், உங்கள் தொட்டியில் நஞ்சு தேங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். மெத்திலீன் புளூ அந்த பாக்டீரியாக்களையும் அழித்துவிடக்கூடும்.

1. மீன் கடையில் கிடைக்கும் திரவச் சோதனைக் கிட்டால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும்.

2. நைட்ரைட் தெரிந்தால், லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உட்புகுவதைத் தடுக்கிறது.

3. இரண்டு நாள் தீனி வேண்டாம். ஏர் பம்ப் இடைவிடாமல் ஓடட்டும்.

மாற்றி ஊற்றுவது குழாய் நீரானால், குளோரினை நீக்கும் திரவத்தை அதில் கலந்து, வெப்பநிலையைச் சரிபார்த்த பிறகே ஊற்றுங்கள். இரண்டு அளவும் 0 ஆக இருந்தும் மீன்கள் கற்களில் உடலை உரசினால் செவுள் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.