கதையே நகராத படங்களைப் பார்த்து என்ன கிடைக்கிறது?

“சுயாதீனத் திரைப்படங்களில் கதை நகர்வதில்லை, முடிவும் சொல்வதில்லை, பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய தயாரிப்பு நிறுவனங்களைச் சாராமல் எடுக்கப்படும் படங்களைத்தான் சொல்கிறீர்கள். நான் விமர்சகன் அல்லன், திரைத்துறையைச் சேர்ந்தவனும் அல்லன். மடிப்பாக்கத்தில் வசிக்கும் ஒரு சாதாரணப் பார்வையாளனாக, எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன்.

வழக்கமான படம் ஒன்றில் நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முதல் பத்து நிமிடங்களுக்குள் பின்னணி இசையே முடிவு செய்துவிடும். அதில் ஒரு சுகம் இருக்கிறது. அலுவலகம் முடிந்து களைத்து வரும் நாளில் நானும் அதைத்தான் விரும்புவேன். நல்ல சுயாதீனப் படம் அப்படி நமக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவைப்பதில்லை. நாமாக ஓரிடத்தில் உட்கார்கிறோம். படம் முடிந்து பல நாள் கழித்து, நாம் உட்கார்ந்திருந்தது வேறு யாருடைய இடத்தில் என்பது தெரியவரும்.

இது எனக்கு உறைத்தது செழியன் இயக்கிய ‘டுலெட்’ படத்தில். 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வான அது, 2019 பிப்ரவரியில்தான் திரையரங்குகளுக்கு வந்தது. மென்பொருள் துறை வளர்ந்து சென்னை வாடகைகள் ஏறிக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டில், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட கணவன், மனைவி, சிறுவன் மூவரும் வேறு வீடு தேடி அலைவதுதான் கதை. பின்னணி இசை கிடையாது. மின்விசிறியின் ஓசையும் தெருச் சத்தமும்தான் உடன்வருகின்றன. காலைக் காட்சியில் என்னையும் சேர்த்து இருபது பேர் இருந்திருப்போம். மேற்கு மாம்பலத்தில் பொதுக் குழாயும் பொதுக் கழிவறையுமாக ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் என்பதால், நான் முழுப் படத்தையும் குடித்தனக்காரனாகவே பார்த்தேன். சாதி என்ன, அசைவம் சமைப்பீர்களா என்று விசாரிக்கும் வீட்டுக்காரர்கள்மீது கோபம் வந்தது. கனத்த மனத்தோடு, கொஞ்சம் பெருமையோடும் என்றே சொல்ல வேண்டும், வெளியே வந்தேன்.

நாங்கள் ஒண்டுக்குடித்தனத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பா 1994இல் மடிப்பாக்கத்தில் கீழ்த்தளம் கட்டினார். பிற்பாடு கடன் வாங்கி மாடியும் எழுப்பினோம். மாடி வாடகைக்கு. படம் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், மாடி காலியாகி, கேட்டில் நானே கம்பி வைத்துக் கட்டிய டுலெட் பலகையைப் பார்த்து ஒரு தம்பதி சிறு பையனோடு வந்தார்கள். அம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்: எத்தனை பேர், எங்கே வேலை, ஊர் எது, “நீங்க என்ன ஆளுங்க?” பையன் கையில் மூடி கழன்ற பச்சை ஸ்கெட்ச் பேனா ஒன்று இருந்தது. அந்தப் பெண் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கீழே பார்க்காமல், அந்தப் பேனாவை மெல்ல உருவித் தன் கைப்பைக்குள் போட்டார். பிறகு மைபட்ட அவன் விரல்களைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். செழியனின் படத்திலும் சுவரில் கிறுக்கும் ஒரு சிறுவன் உண்டு. நான் கதவோரம் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டை அவர்களுக்குக் கொடுத்தோமா என்றால், இல்லை. பத்து மாத வாடகையை முன்பணமாகத் தரத் தயாராக இருந்த, குழந்தையில்லாத வேறொரு தம்பதிக்குக் கொடுத்தோம். (வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்னும் வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2019 பிப்ரவரியில்தான்; எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.) படம் என்னை நல்லவனாக்கிவிட்டது என்று எழுத ஆசைதான், அது நடக்கவில்லை. அந்தப் பேனா உள்ளே போனதை நான் பார்த்தேன். படம் பார்த்திராவிட்டால் அதுகூட என் கண்ணில் பட்டிருக்காது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

கதை நகர்வதில்லை என்ற குறைக்கு வருகிறேன். பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது பெற்ற படம். குடிகாரத் தந்தையும் மகனும் மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படத்தில் பெரும்பகுதி அந்த நடைதான். தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கல்லைப் போட்டு அடக்கிக்கொள்கிறான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் கிடக்கின்றன. வசனம் ஏதும் இல்லை. இந்த வெயிலில் இவன் இதுவரை எத்தனை முறை இப்படி நடந்திருப்பான் என்பதை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றொரு படமாக இருந்தால் இதற்கு ஒரு பழைய நினைவுக் காட்சியும் பாட்டும் வைத்திருப்பார்கள். கடைசியில் ஊற்றுக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றுவதைக் கேமரா நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஓடிடியில் அதைப் பார்த்தபோது அம்மா, “குடம் நிறையற வரைக்கும் காட்டுவானா?” என்று எரிச்சலோடு கேட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்காக விடியற்காலையில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர் அவர்.

மெதுவாக நகர்வதெல்லாம் ஆழமானது என்று சொல்லமாட்டேன். அசையாத கேமரா, மௌனம், ஏழ்மை ஆகிய மூன்றும் இருந்தால் விழாக்களில் இடம் கிடைத்துவிடும் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட படங்களும் உண்டு. டிசம்பர்தோறும் நடக்கும் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் அப்படிச் சிலவற்றின் நடுவே நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அதற்காக வெட்கப்பட்டதில்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் பாலு மகேந்திராவின் ‘வீடு’ என்பேன். 1988இல் வந்தது. தாத்தாவுடனும் தங்கையுடனும் வாழும் சுதா என்ற அலுவலகப் பெண் சென்னையில் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்வதுதான் முழுக் கதையும். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீடு கட்டிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நான் அப்பாவோடு பார்த்தேன். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பி நிற்கும் வீட்டுக்குத் தனியாக வந்து சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. பிற்பகுதியில் குடிநீர் வாரியம் அந்த மனையைக் கையகப்படுத்தியிருப்பது தெரியவரும்போது, அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒப்பந்தக்காரர் சிமென்ட்டைத் திருடி விற்பது அம்பலமாகும் இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். முழுவதும் பார்த்தார். “நம்ம கிழக்குச் சுவர்ல விரிசல் விட்டிருக்கே, அது இப்பதான் புரியுது” என்று சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.