பாறையில் தட்டிய புரொப்பல்லர்

கேள்வி: எங்கள் ஃபைபர் படகின் அவுட்போர்டு புரொப்பல்லர் பாறையில் தட்டியது. இறக்கை விளிம்பு லேசாகத்தான் நசுங்கியிருக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டரைக் கூட்டினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, படகு வேகமெடுக்கவில்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: பழுது பெரும்பாலும் புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ்ஷில்தான். ரப்பருக்கு உள்ளேயிருக்கும் உள்குழாயையும் அதைச் சுற்றியிருக்கும் வெளிக்கூட்டையும் சேர்த்து பெயின்ட் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு விலகினால் ரப்பர் வழுக்குகிறது. புஷ்ஷையோ புரொப்பல்லரையோ மாற்றியே ஆக வேண்டும். விளிம்பு நசுங்கலுக்கு அரம் போதும். வளைந்த அலுமினிய இறக்கையை மட்டும் சுத்தியலால் தட்டாதீர்கள், விரிசல் விடும்.

கழற்றுமுன் ஸ்பார்க் பிளக் வயர்களை எடுத்துவிடுங்கள். ஷாஃப்ட்டில் தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) சுற்றியிருந்தால் ஆயில் சீலை அறுத்திருக்கலாம்; கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மாட்டும்போது மரைன் கிரீஸ் தடவி, த்ரஸ்ட் வாஷரை (புரொப்பல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் உட்காரும் வளையம்) முதலில் போடுங்கள். காட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும் ஊசி) புதிதாகவே இருக்கட்டும்.