விடாத ஸ்பேம் மெயில்: எதற்குச் சட்டம், எதற்கு ஃபில்டர்?

ஸ்பேம் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான மெயில்கள் வருகின்றன. ஊர், பேர் உள்ள நிறுவனம் அனுப்பும் விளம்பரத் தொல்லை ஒன்று. யாரென்றே தெரியாதவர் கொட்டும் குப்பை இன்னொன்று. பணம் பறிக்க வரும் மோசடி மூன்றாவது. முதலாவதற்குச் சட்டம் ஓரளவு உதவும், இரண்டாவதற்கு ஃபில்டர்தான், மூன்றாவதற்குப் போலீஸ். கீழே உள்ள கேள்விகள் பலவும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் எழுந்தவை.

கேள்வி: ஆன்லைன் துணிக்கடையில் ஒரே ஒரு முறை சேலை வாங்கினேன். தினமும் மூன்று விளம்பர மெயில். அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால் இன்னும் அதிகமாக வரும் என்கிறார்களே?

அழுத்துங்கள். "அழுத்தாதே" என்ற எச்சரிக்கை, அனுப்பியவர் யாரென்று தெரியாத மெயிலுக்குத்தான். அங்கே அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பில் போட்டுக்கொடுத்த கடைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்க்கைவிட, ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும் அன்சப்ஸ்கிரைப் பொத்தான் நல்லது. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (கூகுள் கணக்கில் நாளுக்கு 5,000க்கு மேல்) விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியை வைக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் விதி கொண்டுவந்தன. விலகுவதற்கு லாகின், பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் திறந்தால் மூடிவிடுங்கள்.

விலகியும் வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒரே கடை தள்ளுபடி, "கூடையில் விட்டுப்போன பொருள்", கருத்துக்கேட்பு என்று தனித்தனிப் பட்டியல்கள் வைத்திருக்கும். நீங்கள் ஒன்றிலிருந்து மட்டும் விலகியிருப்பீர்கள். அல்லது, பழைய முகவரிக்கு வந்து தானாக ஃபார்வேர்டு ஆகும் மெயிலாக இருக்கும். அப்போது பழைய முகவரியைக் கொடுத்து விலக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் "ஸ்பேம் எனப் புகாரளி" பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுள் வைத்திருக்கும் எல்லை. ஆயிரத்துக்கு மூன்று பேர் அழுத்தினாலே அந்தக் கடையின் மற்ற மெயில்களும் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது சிக்கலாகிவிடும். வக்கீல் நோட்டீஸைவிட இதற்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள்.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று, நிற்கவில்லை. இந்தியாவில் வழக்குப் போட முடியுமா?

ஸ்பேம் மெயிலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், எரிச்சலூட்டவோ அனுப்பியவர் யாரென்று ஏமாற்றவோ அனுப்பும் மெயிலைக் குற்றமாக்கும் வரி ஒன்று இருந்தது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. பேச்சுரிமைக்கு நல்ல தீர்ப்பு. கூடவே ஸ்பேமுக்கென்று இருந்த ஒரு வரியும் போயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளும் அதன்கீழ் புகார் செய்யும் 1909 எண்ணும் போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமே. மெயிலுக்காக 1909ஐ அழைத்துப் பயனில்லை.

இன்று கையில் இருக்கும் உருப்படியான வழி நுகர்வோர் சட்டம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வோர் ஆன்லைன் வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்த முகவரிக்கு மெயில் வருகிறது, எந்தத் தேதியில் விலகினீர்கள், அதற்குப் பின் எந்தெந்தத் தேதிகளில் வந்தது, உடனே நிறுத்தி முகவரியை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வெறும் தொல்லைக்குப் பெரிய இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். நம்பிக் கொடுத்த தகவலை நிறுவனம் வேறொருவருக்குக் கைமாற்றியிருந்தால் வழக்கு வலுவாகும்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் தொடங்கும். அதன் பிறகு, சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும். அபராதம் கோடிக்கணக்கில் போகலாம். ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

கேள்வி: என் முகவரியை விற்றது யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

இதுவரை போனதற்கு இல்லை, இனி உண்டு. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் மெயில் உங்களுக்கே வரும். கடைக்குக் கடை வேறு சொல் சேர்த்துக் கொடுங்கள். நகைக்கடைக்குக் கொடுத்த முகவரிக்கு மனை விற்பனை விளம்பரம் வந்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். விற்றார்களா, திருடுபோனதா என்பதை இது காட்டாது. கூட்டல் குறியை ஏற்காத படிவங்களும் உண்டு; பட்டியல் விற்பவர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிடவும் கூடும். அதற்கு, உண்மையான முகவரியை மறைத்து மாற்று முகவரி தரும் ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்ற சேவை மேல். தொல்லை தொடங்கினால் அந்த ஒரு முகவரியை மட்டும் அணைத்துவிடலாம்.

கேள்வி: பிளாக் செய்யச் செய்ய புதுப்புது முகவரியிலிருந்து வருகிறது.

அனுப்புநர் முகவரியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் பிளாக் இங்கே பயன்படாது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள்: லிங்க் போய்ச்சேரும் டொமைன் (இணையதளப் பெயர்), ஒரு போன் எண், ஒரே மாதிரி வாக்கியம். அதை வைத்து ஃபில்டர் போடுங்கள். எடுத்ததும் "டெலிட்" வேண்டாம். ஒரு வாரம் லேபிள் மட்டும் ஒட்டி இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொல்லுங்கள். "லோன்" என்ற சொல்லுக்கு ஃபில்டர் போட்டால் உங்கள் வங்கியின் வீட்டுக்கடன் அறிக்கையும் சேர்ந்து போய்விடும்.

புகார் செய்ய விரும்பினால் "ஷோ ஒரிஜினல்" திறந்து ஹெடரைப் படியுங்கள்; மெயில் வந்த வழியைக் காட்டும், வழக்கமாக மறைந்திருக்கும் வரிகள் அவை. "ரிசீவ்டு" வரிகளில் கடைசியாகக் கை மாறியது மேலே இருக்கும். உங்கள் மெயில் சேவை எழுதிய வரியை மட்டும் நம்பலாம். அதற்குக் கீழே இருப்பவை பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அந்த நம்பகமான வரியில், மெயிலைக் கொண்டுவந்து கொடுத்த கணினியின் ஐபி எண் இருக்கும். அந்த எண் ஆசியாவுடையது என்றால், அங்கே ஐபி எண்களைப் பங்கிடும் அமைப்பான ஏப்நிக் தளத்தின் ஹூயிஸ் தேடலில் அதைப் போட்டால், வலையமைப்பை நடத்துபவர் யார், முறைகேட்டுப் புகாருக்கான முகவரி எது என்று தெரியும். முழு ஹெடரோடு அனுப்புங்கள், இல்லாவிட்டால் படிக்காமலேயே ஒதுக்குவார்கள்.

கேள்வி: புகாருக்கு ஸ்க்ரீன்ஷாட் போதாதா?

போதாது. ஸ்க்ரீன்ஷாட்டில் ஹெடர் இருக்காது. ஃபார்வேர்டு செய்தாலும் மூல ஹெடர் போய்விடும். மெயிலை ஹெடரோடு முழுதாக, இஎம்எல் (.eml) கோப்பாகவே டவுன்லோடு செய்து வையுங்கள். பெட்டியில் இருப்பதையும் அழிக்க வேண்டாம். ஸ்பேம் பெட்டியில் கிடந்தால் ஜிமெயில் 30 நாளில் தானே அழித்துவிடும், வெளியே எடுத்து வையுங்கள். நீதிமன்றம் வரை போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும்.

கேள்வி: என் பழைய பாஸ்வேர்டைக் குறிப்பிட்டு, "கேமராவில் உன்னைப் படம் பிடித்தேன், பிட்காயின் அனுப்பு" என்று மெயில். என் முகவரியிலிருந்தே வந்திருக்கிறது!

பணம் கொடுக்காதீர்கள், பதிலும் வேண்டாம். பாஸ்வேர்டு எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது. உங்கள் முகவரி தெரிவது பொதுவாக வெறும் போலி எழுத்து. "சென்ட்" பெட்டியிலும் லாகின் வரலாற்றிலும் ஒன்றும் இல்லையென்றால் கணக்குக்குள் யாரும் வரவில்லை என்றே கொள்ளலாம். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உண்மையான படத்தை இணைத்து மிரட்டினால் கதை வேறு. அது பணம் பறிப்புக் குற்றம், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு. தேசிய சைபர் கிரைம் தளத்தில் உடனே புகார் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மெயில்கள், எல்லாம் யார் யாரோ நடத்தும் செய்திமடல்களின் "பதிவு செய்ததற்கு நன்றி". என்ன நடக்கிறது?

திருவிழாவில் ஒருவன் தள்ளுமுள்ளு உண்டாக்க இன்னொருவன் பையில் கைவைப்பானே, அதுதான். உங்கள் கார்டிலோ கணக்கிலோ ஏதோ நடந்திருக்கலாம். அந்த ஒரு மெயில் கண்ணில் படக்கூடாது என்று மற்றதைக் கொட்டுகிறார்கள். மொத்தமாக அழித்தால் அவர்கள் நினைத்தது நடந்துவிடும். வங்கி, கார்டு, ஷாப்பிங் கணக்குகளை அவற்றின் ஆப் வழியே நேரடியாகப் பாருங்கள். மெயில்பெட்டியில் வங்கி பெயர், "ஓடிபி", "ஆர்டர்" என்று தேடுங்கள். நீங்கள் வைக்காத ஃபார்வேர்டிங்கோ ஃபில்டரோ செட்டிங்ஸில் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930, அடுத்து வங்கிக்கு எழுத்தில். தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. மெயில் வெள்ளம் சில நாளில் வடியும்; செய்திமடல்கள் பலவும் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தொடராது.

கேள்வி: நான் சிங்கப்பூரில், தங்கை லண்டனில். எங்களுக்கு?

சிங்கப்பூரில் 2007 முதல் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000க்கு மேல் போனால் அது மொத்த மெயில். விலகியவருக்கு 10 வேலை நாளுக்குப் பின் அனுப்பக்கூடாது. இழப்பு ஏற்பட்டவர் தாமே வழக்குப் போடலாம். ஒரு மெயிலுக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு. இழப்பைக் காட்டுவதுதான் கடினம்.

தங்கைக்கு இன்னும் வசதி. நேரடி விளம்பரத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தால் பிரிட்டன் தரவுச் சட்டப்படி நிறுவனம் நிறுத்தியே ஆக வேண்டும், காரணம் கேட்க முடியாது. "என் முகவரி எங்கிருந்து கிடைத்தது" என்ற கேள்விக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார். அமெரிக்காவில் சட்டம் இருந்தும் மெயில் பெறும் சாதாரண ஆள் அதன்கீழ் வழக்குப் போட முடியாது.

கேள்வி: எங்கள் கடையின் டொமைன் பெயரில் யாரோ ஸ்பேம் அனுப்புகிறார்கள். திட்டு எங்களுக்கு வருகிறது.

போலீஸுக்குப் போகும் முன் டிஎன்எஸ்ஸை, அதாவது உங்கள் டொமைன் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவுகளை, சரிசெய்யுங்கள். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்) ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் 10 டிஎன்எஸ் தேடல் என்ற வரம்பு தாண்டி, உங்கள் சொந்த மெயிலே தோற்கும். எஸ்பிஎஃப் ஃபார்வேர்டில் உடைந்துவிடும் என்பதால் டிகேஐஎம் கையெழுத்தும் (மெயில் உங்கள் டொமைனுடையதே என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) அவசியம். பிறகு டிமார்க், அதாவது இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் பதிவு: முதலில் "நன்" (none, ஒன்றும் செய்யாதே) என்று வைத்து சில வாரம் அறிக்கைகளைப் படியுங்கள், உங்கள் எல்லா மெயிலும் தேறிய பிறகு "குவாரண்டைன்" (ஸ்பேமில் ஒதுக்கு), கடைசியில் "ரிஜெக்ட்" (ஏற்காதே). முதல் நாளே "ரிஜெக்ட்" போட்டால் வாடிக்கையாளருக்குப் போகும் இன்வாய்ஸ் காணாமல் போகும். மெயிலே அனுப்பாத டொமைன் ஏதாவது சும்மா வாங்கி வைத்திருந்தால், அதற்கு மட்டும் இன்றைக்கே "ரிஜெக்ட்" போடலாம்.