கம்பைலரும் டீபக்கரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் எழுதிய சி நிரல், ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் தொகுத்தால் சரியாக ஓடுகிறது, ஆப்டிமைசேஷனைக் கூட்டினால் தவறான விடை தருகிறது. இது ஜிசிசி கம்பைலரின், அதாவது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளின், பிழைதானே?

பதில்: இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இருக்காது. ஒரு முழு எண்ணுடன் 1-ஐக் கூட்டி, கிடைத்தது பழைய எண்ணைவிடச் சிறியதா என்று பார்த்து, வரம்பு மீறலைக் கண்டுபிடிக்கும் வரி ஒன்று உங்கள் நிரலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறியுடைய முழு எண் (எதிர்ம மதிப்பும் ஏற்கும் எண் வகை) தான் கொள்ளக்கூடிய வரம்பை மீறினால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தர ஆவணம் வரையறுக்காமலே விட்டிருப்பதால், அப்படியொன்று நடக்கவே நடக்காது என்று எடுத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. நடக்காத ஒன்றைச் சோதிக்கும் வரி அதன் பார்வையில் வீண் என்பதால், நீங்கள் பாதுகாப்புக்கென்று எழுதிய சோதனை தடயமே இல்லாமல் நீக்கப்பட்டுவிடும். ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும் உள்ள, நிரல் ஓடும்போதே தவறுகளைக் கண்காணிக்கும் சானிடைசர் வசதிகளை இயக்கி நிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இத்தகைய மீறல் நடந்தால் எந்த வரியில் என்று அவை சுட்டிக்காட்டும்.

அதன் பிறகும் விடை தவறாகவே வந்தால், கம்பைலரைச் சந்தேகிக்கத் தயங்க வேண்டாம். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிஸ்மித் என்னும் கருவியால் சி நிரல்களைத் தாறுமாறாக உருவாக்கிப் பல கம்பைலர்களைச் சோதித்தார்கள். அதற்கு முன் யாரும் அறியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவற்றில் தவறான இயந்திரக் கட்டளைகளை ஒருமுறைகூட உருவாக்காத கம்பைலர் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஓடும் நிரலை நிறுத்தி ஆராய உதவும் ஜிடிபி டீபக்கரில் ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டால், அது ஆப்டிமைசேஷனில் நீக்கப்பட்டுவிட்டது என்று பல நேரங்களில் பதில் வருகிறது. இதை டீபக்கர் எழுதுபவர்கள் ஏன் சரிசெய்யவில்லை?

பதில்: ஏனென்றால் அது அவர்கள் கையில் மட்டும் இல்லை. ஒரு மாறி எங்கே இருக்கிறது என்பதை டீபக்கர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. கம்பைலர் டுவார்ஃப் என்னும் வடிவத்தில் எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்தே சொல்கிறது. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை மதிப்பு ஒரு ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இருக்கும், அதன் பிறகு ஸ்டேக்கில் (நினைவகத்தின் ஒரு பகுதி) இருக்கும், பிறகு எங்குமே இருக்காது என்ற வகையில் அக்குறிப்புகள் அமைந்திருக்கும். மதிப்பு இனித் தேவையில்லை என்றதும் கம்பைலர் அதே ரெஜிஸ்டரை வேறு கணக்குக்கு எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் இல்லை என்று சொல்லும் டீபக்கர் நேர்மையான டீபக்கர். பழைய ரெஜிஸ்டரில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டி உங்களை நம்பவைப்பதுதான் உண்மையான கேடு.

ஆயினும், உண்மையில் இருக்கும் மதிப்பையும் தொலைத்துவிடும் இடங்கள் உண்டு. பராமரிப்பு வேலை அங்கேதான் கடினமாகிறது. ஆப்டிமைசேஷன் என்பது அடுத்தடுத்து நடக்கும் பல கட்டங்களின் தொடர். ஒரு கட்டம் ஒரு கட்டளையை இடம் மாற்றினால், அதைச் சார்ந்த மாறியின் குறிப்பையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் ஒருவர் இதை மறந்தாலும், பின்னால் வரும் எந்தக் கட்டத்தாலும் அக்குறிப்பை மீட்க முடியாது. இதற்கு மேல் இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு: டீபக் தகவலைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உருவாகும் இயந்திரக் கட்டளைகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால், பிழையைத் தேடுவதற்காக நீங்கள் தொகுக்கும் நிரலும் பிழையோடு ஓடிய நிரலும் வெவ்வேறாகிவிடும். இதைச் சரிபார்க்கவே ஜிசிசியில் தனி வசதி வைத்திருக்கிறார்கள். டீபக் செய்வதற்கு ஊறு விளைவிக்காத ஆப்டிமைசேஷன்களை மட்டும் செய்யும் ஓஜி என்ற நிலை 2013-இல் வந்த ஜிசிசி 4.8-இல் சேர்க்கப்பட்டது, அதையும் முயன்று பாருங்கள்.

கேள்வி: ஜிசிசி இன்று சி++ மொழியில் எழுதப்படுகிறது, அதைத் தொகுக்கவும் ஒரு சி++ கம்பைலர் வேண்டும். அப்படியானால் அது சரியாகத் தொகுக்கப்பட்டதா என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: மூன்று சுற்றுகளாகத் தொகுக்கிறார்கள். கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் முதல் பிரதியையும், முதல் பிரதி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் அதே மூலநிரலிலிருந்து உருவாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டிய கம்பைலர்களால் பிறந்தவை என்பதால், அவற்றின் ஆப்ஜெக்ட் கோப்புகள் (தொகுத்துக் கிடைக்கும் இயந்திரக் கட்டளைக் கோப்புகள்) ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ கம்பைலர் தன்னையே தவறாகத் தொகுத்திருக்கிறது. ஆனால் மூலநிரலில் தென்படாமல், தொகுக்கும் கம்பைலரிலேயே திட்டமிட்டு ஒளித்துவைத்த சதியை இந்த ஒப்பீடு பிடிக்காது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இல் தமது டூரிங் விருது உரையில் விளக்கிய ஆபத்து அதுதான்.

கேள்வி: கம்பைலர் கோட்பாட்டில் எனக்கு ஆழ்ந்த பயிற்சி இல்லை. ஆனாலும் இத்தகைய திறந்த மூலத் திட்டம் ஒன்றில் பங்களிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பிழை அறிக்கைகளில் தொடங்குங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசியானாலும், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கிய, கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம் ஆனாலும், அங்கே மிகவும் அரிதான பொருள் அனுபவமுள்ள பராமரிப்பாளரின் நேரம். ஆயிரக்கணக்கான வரிகளுள்ள ஒரு கோப்புடன் வரும் அறிக்கையை அவர் தள்ளிவைக்க நேரிடும். அதே பிழையைப் பத்து வரிகளில் காட்டும் அறிக்கையை அன்றே எடுத்துப் பார்ப்பார்.

முதலில், பிழையைத் தூண்டும் கோப்பை, அது சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்புகள் எல்லாம் உள்ளே விரிந்த நிலையில் சேமியுங்கள். அதே பிழை இன்னும் வருகிறதா என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, சி-ரெடியூஸ் என்னும் கருவியிடம் இரண்டையும் ஒப்படையுங்கள். அது வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, பிழைக்குத் தேவையற்ற அனைத்தையும் அகற்றும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இந்த ஸ்கிரிப்ட்தான். வெட்டும்போது ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்புக் கொடுக்கும் வரியும் போய்விட்டால், எஞ்சிய நிரலே தவறானதாகிவிடும். அது தரும் தவறான விடைக்குக் கம்பைலர் பொறுப்பல்ல. ஆகவே, கம்பைலரின் எச்சரிக்கைகளையும் முதல் கேள்வியில் சொன்ன சானிடைசர் சோதனையையும் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

பிறகு, முந்தைய பதிப்பில் இல்லாத பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று, மூலநிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் பைசெக்ட் கட்டளை மூலம் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் பாதியைக் கழிப்பதால், ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவிலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் விடை கிடைக்கும். என் கணிப்பில், புதிய ஆப்டிமைசேஷன் ஒன்றைப் பாதி எழுதிக் கொடுப்பதைவிட இந்த உழைப்பு திட்டத்துக்கு அதிகம் பயன்படும். பிழை திருத்தப்படும்போது, நீங்கள் சுருக்கிய பத்து வரிகள் சோதனைத் தொகுப்பில் சேர்ந்து, பின்வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் சரிபார்க்க உதவும். திருத்தத்தை நீங்களே எழுதத் துணிந்தால், ஜிசிசியில் 2021 முதல் பதிப்புரிமையை எழுதிக்கொடுக்காமல், இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி வரியுடனே அனுப்பலாம். பதில் வராவிட்டால் ஓரிரு வாரங்கள் கழித்துப் பணிவாக நினைவூட்டுங்கள். அங்கே அதை யாரும் தொந்தரவாகக் கருதுவதில்லை.