அடகுச் சீட்டோடு ஒரு கொள்ளை

அன்பின் அக்கா,

திருகோணமலையில் ஒரு படம் எடுக்கப் பார்க்கிறோம். நாலு பெண்கள் வங்கியைக் கொள்ளையடிக்கும் சிரிப்புப் படம். தலைக்கவசம், பொம்மைத் துவக்கு, கடைசியில் படகில் தப்புவது எல்லாம் எழுதிவிட்டேன். காசுதான் இல்லை. "பொம்பிளையள் வங்கியை உடைப்பினமோ, ஆர் நம்புவினம்?" என்று கூட இருப்பவர்களே கேட்கிறார்கள். கடனால் இத்தனை குடும்பங்கள் நொந்துபோன ஊரில் இதை வைத்துச் சிரிக்கலாமா என்றும் யோசனை.

ஒரு வாசகி, உப்புவெளி

அன்பின் தங்கச்சி,

முதலில் அந்தத் துவக்குகளைத் தூக்கிப் போடுங்கள். கடற்படை முகாமும் சோதனைச் சாவடியும் பார்த்து வளர்ந்த ஊர் இது. பொம்மைத் துவக்கோடு தெருவில் இறங்கினால் படப்பிடிப்பு பொலிஸ் நிலையத்தில்தான் முடியும். பார்க்கிறவர்களுக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வராது. தலைக்கவசமும் சரிவராது, கழற்றிவிட்டு வரச்சொல்லி வங்கி வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். (அதை வாசித்த பிறகுதான் உங்கள் ஆட்களுக்கு அது தெரியவருகிறது என்றால், அது நல்ல காட்சி.)

ஆர் நம்புவினமா? 1988க்கும் 1992க்கும் இடையில் இங்கிலாந்து மத்திய வங்கியின் லோட்டன் எரிப்பு நிலையத்தில் எரிக்க வந்த பழைய நோட்டுகளை, அங்கே வேலை செய்தவர்களே உள்ளாடைக்குள் ஒளித்து வெளியே கொண்டுபோனார்கள். 6 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல். அந்தக் கதைதான் சுற்றி வந்து 2008இல் 'மேட் மணி' என்ற அமெரிக்கப் படமானது. அதில் டயான் கீட்டன் வங்கிக்குத் துப்புரவு வேலைக்கு வருகிறார். கையில் விளக்குமாறு இருப்பவளை யார் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள்?

உங்கள் கதையில் இல்லாதது இதுதான். உங்கள் நாலு பேரும் ஆண்கள் செய்வதையே செய்கிறார்கள், சட்டைக்குப் பதில் சுடிதார், அவ்வளவுதான். நம் பெண்களுக்கு வங்கியைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் காசாளர் மெதுவாக எண்ணுவார், அடகு நகையை நிறுக்கிற பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகும், ஏல அறிவித்தல் எப்போது வரும் என்று ஒன்று விடாமல் தெரியும். கூட்டாளி தேடி அலையவும் வேண்டாம். நுண்கடன் குழு ஒன்றை எடுங்கள். ஒருத்திக்கு மற்றவள் பிணை. யார் வீட்டில் என்ன சமையல், கலெக்ஷன் பொடியன் வரும்போது யார் கொல்லைப் பக்கம் ஓடுவாள் என்பதுவரை ஒருவருக்கொருவர் அத்துப்படி. இதைவிடப் பொருத்தமான கொள்ளைக் கும்பல் எங்கே கிடைக்கும்?

அவர்கள் காசைத் தொடவும் வேண்டாம். ஏலத்துக்குப் போகப்போகிற தங்கள் நகையை மட்டும் எடுக்கப் போகட்டும், அடகுச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு. உள்ளே போனபின் இலக்கம் பார்த்து உறை தேடுகிறார்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் ஒருத்தி. இன்னொருத்தியின் கையில் ஒரு பதக்கச் சங்கிலி அகப்படுகிறது, கோணேசர் கோயில் கூட்டத்தில் தொலைந்துவிட்டதென்று மச்சாள் அழுது புரண்ட அதே சங்கிலி. கொள்ளையை விட்டுவிட்டுக் கதை அந்தப் பக்கம் திரும்பட்டும்.

செலவைப் பற்றி. 'ரிசர்வாயர் டாக்ஸ்' 1992இல் வந்த கொள்ளைப் படம். கொள்ளையை அதில் காட்டவே இல்லை. உங்களுக்கும் ஒரு சின்ன அறை, இரும்பு அலுமாரி, பழுப்பு உறைகள் போதும். படகுக்குப் பதிலாக ஆட்டோவை வையுங்கள். கோட்டை மான்கள் பஸ் நிலையப் பக்கம் வந்து ரோட்டை மறித்து நிற்பதை நீங்கள் பார்க்காததா? மானுக்குச் சம்பளமும் இல்லை.

சிரிக்கலாமா என்றால், யாரைப் பார்த்து என்பதுதான் கேள்வி. நுண்கடன் வட்டி போன போக்கில் 2018 கடைசியில் இலங்கை மத்திய வங்கியே தலையிட்டு, நிதிக் கம்பனிகளுக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சம் வைக்கவேண்டி வந்தது. 35 வீதத்தைச் 'சலுகை' என்று முகம் கோணாமல் விளக்குகிற ஒரு அதிகாரியை எழுதிப் பாருங்கள், சிரிப்பு தானாக வரும். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பார்த்தாலும் ரசிக்க வேண்டும்.

திருத்தி எழுதியதும் அனுப்புங்கள். மச்சாள் வேடத்துக்கு மட்டும் நன்றாகச் சண்டை பிடிக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள்.

அன்புடன்,
அக்கா